பேயை விடுங்கள், சாட்சியைத் திருத்துங்கள்: கூட்டாக எழுதும் கதைகளின் கோளாறுகள்

பலர் சேர்ந்து எழுதும் கதைக்குள் பேயா பிரமையா என்று தெரியாத ஒன்று நடமாடத் தொடங்கினால், விரைவிலேயே குழுவுக்குள் முறைப்பாடுகள் வரும். பேய் போதாது என்பார் ஒருவர். பேய் கூடிவிட்டது என்பார் இன்னொருவர். இருவரும் பேயைத்தான் திருத்தப் பார்ப்பார்கள். கொழும்பின் வெள்ளவத்தையில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் கூடி இப்படியான கதைகளை எழுதும் ஒரு குழுவுக்குச் செம்மை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேய் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. பழுதாகிக் கிடப்பது அதைக் கண்டவர். யார் கண்டார், எங்கே நின்று கண்டார், எந்த வெளிச்சத்தில் கண்டார், கண்டதற்கு ஒரு பெயர் வைக்க அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள், அடுத்த நாள் யாரிடம் போய்ச் சொன்னார்? இவற்றில் ஒன்று பிசகினாலும் கதை பிசகும்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் கதைக்கு என்ன நோய் என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள்.

உதாரணத்துக்கு எங்கள் கதை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் கடலோரமாக ஒரு தொடர்மாடி. இரவில் லிஃப்ட் யாரும் அழைக்காமல் நான்காம் மாடியில் நிற்கிறது. அந்த மாடியில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது, சொந்தக்காரர் கனடாவில். இவ்வளவுதான் மூலக்கரு. எழுதியவர்களில் யாழ்ப்பாணத்தவர், ஹற்றன்காரர், மாளிகாவத்தைக்காரர், கொட்டாஞ்சேனைக்காரர் எல்லாரும் உண்டு. கூகுள் டாக்ஸில் எழுதினோம், வாட்ஸ்அப்பில் சண்டை பிடித்தோம்.

எதற்கும் முன் ஒரு சோதனை

சந்தேகத்துக்குரிய அத்தியாயத்தை எடுங்கள். அமானுஷ்யம், மர்மம், விசித்திரம், இனம்புரியாத, ஏதோ ஒன்று ஆகிய சொற்களை எல்லாம் வெட்டுங்கள். மிஞ்சியதைப் படியுங்கள். ஒரு நிகழ்ச்சி மிஞ்சினால் கதைக்கு உயிர் இருக்கிறது, கீழே தேடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் அந்த அத்தியாயத்தில் எதுவும் நடக்கவில்லை. அதற்கு மருந்து இல்லை, திரும்ப எழுதத்தான் வேண்டும்.

அறிகுறி: பாதிக் கதையிலேயே பேய்க்கு விளக்கம் வந்துவிட்டது

எங்கள் குழுவில் ஒரு பொறியியலாளர். மர்மம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தன் முறை வந்ததும் ஒரு லிஃப்ட் திருத்துநரைக் கூட்டிவந்து, கடல் உப்புக்காற்றில் நான்காம் மாடிப் பொத்தானின் உள்தகடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது, அதனால் தானாக அழைப்புப் போகிறது என்று சொல்ல வைத்துவிட்டார். அடுத்த அத்தியாயத்தை எழுதியவருக்குக் கோபம். மின்சாரமே இல்லாத நேரத்தில் லிஃப்டை ஓட வைத்தார். அதற்கடுத்தவர் அதைக் கனவாக்கினார். கதை நீதிமன்றமாகி, ஒவ்வோர் அத்தியாயமும் எதிர்த்தரப்பு வாதமாக மாறியது.

காரணம் எளிது. ஒவ்வொருவரும் 'உண்மையில் அது என்ன' என்று தமக்குள் தீர்ப்பு எழுதிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறார்கள். 1970இல் இலக்கியக் கோட்பாட்டாளர் த்ஸ்வெதான் தோதொரோவ் இந்த வகைக் கதைகளைப் பற்றிச் சொன்ன கருத்து இன்றும் பயன்படுகிறது: இயற்கையா, இயற்கைக்கு அப்பாற்பட்டதா என்ற தயக்கம் நீடிக்கும்வரைதான் அந்த வகை உயிரோடு இருக்கிறது, எந்தப் பக்கம் தீர்ந்தாலும் அது வேறு வகைக் கதையாகிவிடும். தனியாக எழுதுகிறவர் அந்தத் தயக்கத்தைத் தன் கைக்குள் வைத்திருப்பார். ஏழெட்டுப் பேர் எழுதினால் யாரோ ஒருவருக்குக் கை அரிக்கும்.

விளக்கத்தை அழிக்காதீர்கள். உப்புக்காற்று பொத்தானைத் தின்னும் என்பது கடலோர வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரிந்த உண்மை. அவ்வளவு நல்ல சரக்கை ஏன் எறிய வேண்டும்? அதைக் கதைசொல்லியின் வாயிலிருந்து எடுத்து ஒரு மனிதரின் வாயில் வையுங்கள். அந்த மனிதருக்கு ஒரு அவசரத்தையும் கொடுங்கள். பாணந்துறை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று நிற்கிறார். பொத்தானை மாற்றி, பற்றுச்சீட்டை எழுதி, போய்விட்டார். அதன்பின் லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது. சனம் மறந்துவிடுகிறது. பிறகு ஒரே ஒருமுறை மட்டும் நான்கில் நிற்கிறது. நாள்தோறும் நின்றால் திருத்துநர் பொய்யராகிவிடுவார். பிறகு ஒருபோதும் நிற்காவிட்டால் பேய் பொய்யாகிவிடும். ஒருமுறை நின்றால் இரண்டும் நிற்கும்.

இன்னொன்று. குழுவாக உட்கார்ந்து உண்மையில் அது என்ன என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். ஒவ்வொருவரும் தமக்கொரு நம்பிக்கை வைத்திருக்கட்டும். அதை மற்றவர்களுக்குச் சொல்லக் கூடாது என்பது எங்கள் குழுவின் ஒரே கண்டிப்பான சட்டம். தேநீர் நேரத்தில் அதை மீறுகிறவர்தான் அன்றைய வடைக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அறிகுறி: அத்தியாயத்துக்கு அத்தியாயம் பேய் மாறுகிறது

இதுதான் கொழும்பில் அதிகம் வரும் நோய். இந்த நகரத்தில் யாருடைய பேயும் இங்கே பிறந்ததில்லை. எல்லாம் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கியவை. யாழ்ப்பாணத்துக்காரர் எழுதும்போது நான்காம் மாடியில் இருப்பது பிள்ளைப்பேற்று வீட்டைச் சுற்றும் கொத்தி. ஹற்றன்காரர் எழுதும்போது அது தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்துக்குக் காவல் நிற்கும் ரோதை முனியின் உறவு. மாளிகாவத்தையிலிருந்து வருகிறவருக்கு ஜின். சிங்கள அயலவர் ஒருவர் கதைக்குள் வந்தால், வெள்ளை உடுத்துக் கைக்குழந்தையோடு வழியில் நிற்கும் மோகினியைச் சொல்வார். ஐந்தாம் அத்தியாயத்துக்குள் வாசகருக்குத் தலை சுற்றும்.

பல குழுக்கள் உடனே செய்வது ஒருமைப்படுத்துவது. 'சரி, மோகினி என்றே வைத்துக்கொள்வோம்' என்று ஒரு தீர்மானம் போட்டு, மற்றவர்களின் வாயைக் கட்டிவிடுவார்கள். கதை நேராகும், ஆனால் செத்துப்போகும். பெயர்கள் மாறுவது பிழை இல்லை. நிகழ்ச்சியும் பெயரோடு சேர்ந்து மாறுவதுதான் பிழை.

அதற்கு ஒரு சாட்சிப் பதிவு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நிரல் போதும். முதலாவது, நடந்தது. இரண்டாவது, கண்டவர். மூன்றாவது, அவர் அதற்கு வைத்த பெயர். நான்காவது, அந்தப் பெயரை அவர் எங்கே கற்றார். முதல் நிரலுக்குப் பூட்டுப் போடுங்கள்; குழு முழுதும் சம்மதிக்காமல் ஒரு சொல்லும் அங்கே மாறக் கூடாது. மற்ற மூன்றும் அந்த அத்தியாயத்தை எழுதுகிறவரின் சொத்து.

எங்கள் பதிவிலிருந்து ஒரு வரி: '2022 மார்ச் கடைசி நாள். பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நான்காம் மாடித் தாழ்வாரத்தில் ஈரக் கால்தடம், வலது கால் மட்டும், படிக்கட்டில் தொடங்கிப் பூட்டிய வீட்டு வாசலுக்கு முன் முடிகிறது.' இதில் பேய் எங்கும் இல்லை. இதே தடத்தை மூன்று பேர் காண்கிறார்கள். மூன்றாம் மாடி ஆச்சிக்கு அது கொத்தி, ஏனென்றால் பேத்திக்கு எட்டாம் மாதம். ஹற்றனிலிருந்து வந்து காவலாளியாக இருக்கும் ஐயாவுக்கு அது முனி. லிஃப்டும் ஒரு ரோதைதானே. ஐந்தாம் மாடி நானா ஒன்றும் சொல்லாமல், பாதுகாப்புக்காக ஓதும் குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியை ஓதிவிட்டுப் படியேறுகிறார்.

இப்போது கவனியுங்கள். பெயர் வேறானால் செய்ய வேண்டியதும் வேறாகிறது. கொத்தியை விரட்ட வேண்டும். முனிக்குப் படைக்க வேண்டும். ஜின்னிடமிருந்து இறைவனிடம் பாதுகாப்புத் தேட வேண்டும். காவலாளி ஐயா மொட்டைமாடி மோட்டார் அறைக்கு முன் தேங்காய் உடைத்துச் சாம்பிராணி போடுகிறார். அதைக் கண்ட ஆச்சி, போக வேண்டியதை விருந்து வைத்து இருத்திவிட்டாயே என்று சீறுகிறார். நானாவுக்கு இரண்டுமே சங்கடம், ஆனால் ஆச்சியின் பேத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முச்சக்கர வண்டி வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். பேயைப் பற்றி ஒரு வரி கூடக் கூட்டாமல் கதை தானாக ஓடத் தொடங்கிவிட்டது. இதைத் 'தீர்மானம்' போட்டு மோகினியாக்கியிருந்தால் இதில் எது கிடைத்திருக்கும்?

அறிகுறி: எல்லாம் இருக்கிறது, பயம் மட்டும் இல்லை

முதல் வரைவில் இப்படி இருந்தது:

'லிஃப்ட் கதவு மெல்லத் திறந்தது. உறைய வைக்கும் ஒரு குளிர் பரவியது. இருளுக்குள் வெள்ளைச் சேலை அணிந்த உருவம் ஒன்று நிற்பதுபோல் தோன்றியது. அவள் இதயம் படபடத்தது. அலற வாய் திறந்தாள், சத்தம் வரவில்லை.'

திருத்திய பிறகு:

'ஆறை அமுக்கினேன். நான்கில் நின்றது. கதவு திறந்ததும் சரக்கு வறுக்கும் மணம். மல்லி, மிளகு, உள்ளி. பிள்ளை பெற்ற வீடு ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன், பசி கூட வந்தது. கதவு மூடும்போதுதான் அந்த மாடியில் ஒரு வீட்டிலும் வெளிச்சம் இல்லை என்பதைக் கண்டேன். ஆறில் இறங்கிச் சாவியைத் தேடினால், பால்மா பக்கெட் கிழிந்து பை முழுதும் கொட்டியிருந்தது. வரிசையில் நின்று வாங்கியது. அதைக் கரண்டியால் அள்ளி முடியப் பதினொரு மணியாகிவிட்டது.'

இரண்டாவதில் உருவமும் இல்லை, குளிரும் இல்லை. ஆனால் படித்த கொட்டாஞ்சேனை நண்பர், அன்றிரவு படியால் ஏறினேன் என்றார். ஏன்? கண்டவர் பயப்படவில்லை. அவருக்கு வேறு கவலை இருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொல்லி வைத்தது எழுத்தாளருக்கு நல்ல எச்சரிக்கை: அரண்டவன் சாட்சி எடுபடாது. அரளாதவரைக் கூண்டில் ஏற்றுங்கள். பால்மாவைப் பற்றிக் கவலைப்படுகிறவர் பொய் சொல்லமாட்டார் என்று வாசகர் நம்புகிறார். பயப்பட வேண்டிய வேலையை அந்த நம்பிக்கையே வாசகரிடம் ஒப்படைத்துவிடுகிறது.

சரக்கு மணத்தையும் பாருங்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சமைப்பது அது. கொத்தியின் பக்கம் ஒரு கால், பக்கத்து வீட்டு அடுப்பின் பக்கம் ஒரு கால். மணம் காற்றுக்கூண்டு வழியாகக் கீழ்மாடியிலிருந்து வந்திருக்கலாம். நல்ல அறிகுறிப் பொருள் எப்போதும் இப்படி இரண்டு வீட்டிலும் சாப்பிடும். வெள்ளைச் சேலைக்கு ஒரு வீடுதான்.

பயம் வராததற்கு இன்னொரு காரணம் வினைச்சொல். தமிழில் நமக்கு 'ஆம்' என்று ஒரு கருவி கையில் இருக்கிறது, அதை அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். 'கதவைத் தட்டினாள்' என்றால் சொல்கிறவர் பொறுப்பேற்கிறார். 'தட்டினாளாம்' என்றால் கேள்விப்பட்டது, பொறுப்பு வேறொருவருக்கு. 'தட்டியிருப்பாள்' என்றால் ஊகம். பலர் எழுதும் கதையில் ஒரே பத்தியில் மூன்றும் கலந்து கிடக்கும். பத்தியை எழுதியவருக்கே யார் கண்டது என்று தெரியாது. எங்கள் வழமை இது: நேரில் கண்டவர் சொல்லும் இடத்தில் 'ஆம்' வரக் கூடாது, பிறர் சொல்லக் கேட்டது என்றால் கடைசி வினைவரை 'ஆம்' வர வேண்டும். இந்த ஒழுங்கு படிந்த பிறகு, கதை முழுவதிலும் ஒரே ஓர் இடத்தில் மட்டும், கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருப்பவர் தன்னை அறியாமல் 'ஆம்' இல்லாமல் சொல்ல விடுங்கள். 'கதவைத் தட்டினாளாம். பிள்ளை அழுததாம். பிறகு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.' சொல்கிறவர் அங்கே இருந்திருக்கிறார்! எந்தப் பின்னணி இசையும் தராத திடுக்கிடல் இது. இரண்டாம் முறை செய்தால் வாசகர் அதை அச்சுப்பிழை என்று நினைப்பார்.

ஒலியை மட்டும் தருவது இன்னொரு வழி. உலமா என்று நம் நாட்டுக் காடுகளில் ஒரு குரல் கேட்கும். பெண் கதறுவதுபோல் இருக்கும் என்பார்கள். கணவன் தன் பிள்ளையைக் கொன்று கறியாக்கிப் படைத்ததை அறிந்து காட்டுக்குள் ஓடிய தாய்தான் அந்தப் பறவை என்பது சிங்கள நாட்டார் கதை. அது காட்டு ஆந்தை என்பாரும் உண்டு, கழுகு வகை என்பாரும் உண்டு. பறவை அறிவியலுக்கு உட்பட்டது. ஆனால் குரலைக் கேட்டுத் தூக்கம் போனவருக்கு அந்த விளக்கம் காலையில்தான் உதவும். உருவத்தைக் காட்டாத சாட்சியின் பலம் இதில் இருக்கிறது.

அறிகுறி: சகுனம் குவிகிறது, கதை நகரவில்லை

நாய் ஊளையிட்டது, பல்லி சொன்னது, பூனை குறுக்கே போனது, விளக்கு அணைந்தது. ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ஒன்றை வைத்துவிட்டுப் போகிறார்கள், ஒருவரும் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. புதுச் சகுனம் வைக்க விரும்புகிறவர், பழைய சகுனம் ஒன்றினால் யாரோ ஒருவர் ஒரு முடிவு எடுக்கும்படி முதலில் எழுத வேண்டும் என்று வையுங்கள். ஆச்சி பல்லி சொன்னதைக் கேட்டு ஸ்கேனுக்குப் போகும் நாளைத் தள்ளிப் போடட்டும். தள்ளிப் போட்டதால் என்ன ஆனது என்பது அடுத்தவர் பாடு. குவியல் தானாகக் குறையும்.

அறிகுறி: குழுவில் ஒருவர் மௌனமாகிவிட்டார்

இதை எழுத்துக் கோளாறு என்று பலர் எண்ணுவதில்லை. ஆனால் கதை பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் இதனால்தான்.

ஒருவருக்கு நாட்டார் கதை என்பது இன்னொருவருக்கு வெள்ளிக்கிழமை விளக்கு. மலையகத்தில் முனியாண்டியும் மாடசாமியும் ரோதை முனியும் பேய்கள் அல்லர். படையல் வாங்கிக் காவல் நிற்கும் தெய்வங்கள். கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் வேலை, தொடங்குமுன் கவ்வாத்துச் சாமியைக் கும்பிட்டவரின் பேரன் உங்கள் குழுவில் இருக்கும்போது, முனியை இரத்தம் குடிக்க வைத்து எழுதிவிட்டு, 'கற்பனைதானே' என்றால் அவர் அடுத்த சனிக்கிழமை வரமாட்டார். ஜின்கள் இஸ்லாத்தில் நம்பிக்கையோடு சேர்ந்த விடயம். குர்ஆனின் 72ஆம் அத்தியாயத்துக்கே ஜின் என்றுதான் பெயர். அவர்களிலும் நல்லவர் உண்டு, நம்பிக்கையாளர் உண்டு. போத்தலுக்குள் அடைபட்ட பூதமாக அதை எழுதுவது சோம்பேறித்தனம். தெற்கின் பதினெட்டுச் சன்னி முகமூடிகள் ஒவ்வொன்றும் ஒரு நோயைக் குறிப்பவை; நோயாளியைக் குணப்படுத்தும் சடங்கில் வருபவை. அம்பலாங்கொடையில் வாங்கி வந்து சுவரில் மாட்டிய முகமூடியைக் கண்டு கதாநாயகி மயங்கி விழுந்தாள் என்று எழுதுவது, மருந்துப் போத்தலைக் கண்டு அவளை மயங்கி விழ வைப்பதற்குச் சமம்.

சோதனை ஒன்று சொல்கிறேன். அந்தப் பத்தியை, அந்தத் தெய்வத்துக்கு விளக்கேற்றுகிற ஒருவருக்கு முன்னால் உரக்க வாசிக்க உங்களால் முடியுமா? குரல் தடுமாறும் இடத்தில் கோடு போடுங்கள். அதை வெட்டச் சொல்லவில்லை. அங்கே சாட்சியை மாற்றிப் பாருங்கள். வெளியாள் ஒருவர் பயந்து பார்த்ததை, உள்ளாள் ஒருவர் பயமில்லாமல் பார்க்கட்டும். காவலாளி ஐயா முனிக்குப் பயப்படுவதில்லை. முனியிடம் கணக்குக் கேட்கிறார்: 'தேங்காய் உடைத்தேனே, இன்னும் ஏன் நான்கில் நிற்கிறாய்?' அந்த ஒரு வரியில் பயமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

உண்மையான கோயில்களைக் கெட்டதன் உறைவிடமாக வைக்காதீர்கள் என்பது என் சொந்தப் பிடிவாதம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் எல்லா மதத்தவரும் போகிறார்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த வாசலைத் திகில் காட்சிக்குப் பின்னணியாக்க எனக்கு மனம் வராது. உங்களுக்கு வந்தால் முதலில் கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவரிடம் கேளுங்கள்.

வதந்தியும் நாட்டார் வழக்குத்தான், அது ஆபத்தான வகை. 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்று நாடு நடுங்கியது நினைவிருக்கும். உடலில் கிறீஸ் பூசிய ஆண்கள் பெண்களைத் தாக்குகிறார்கள் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. பல இடங்களில் மக்கள் பொலிசாரோடும் இராணுவத்தோடும் மோதினார்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள் அடிபட்டார்கள். இதைக் கதையில் எடுத்தால் பூதம் உண்மையா என்பதைத் தயக்கத்தில் விடலாம். அடி வாங்கியவரின் காயத்தைத் தயக்கத்தில் விடக் கூடாது. அது பதிவின் முதல் நிரலில், பூட்டுக்குள் இருக்க வேண்டியது.

அறிகுறி: படித்தவர் பேயைப் பற்றிப் பேசவில்லை

எங்கள் கதையில் நள்ளிரவில் கதவு தட்டப்படும் ஒரு காட்சி. வாசித்த பெரியவர் ஒருவர் பேயை விட்டுவிட்டு 2007 ஜூனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர்களை விடியுமுன் எழுப்பி, பஸ்களில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதும், உயர்நீதிமன்றம் அதை நிறுத்தியதும் பலருக்கு ஞாபகம் இருக்கிறது. வெள்ளவத்தையில் இரவில் கதவு தட்டப்பட்டால் முதலில் நினைவுக்கு வருவது கொத்தி அல்ல, அடையாள அட்டை.

இங்கே பேயைப் பலப்படுத்த முனைந்தால் தோற்பீர்கள். ஒன்றில் அந்த உத்தியை விட்டுவிடுங்கள். தட்டலுக்குப் பதில் லிஃப்ட் நிற்கட்டும். அல்லது அந்த நினைவுக்கு இடம் கொடுத்து, கதவுக்குப் பின் நிற்பவர் முதலில் அட்டையைத் தேடுகிறார், பிறகுதான் திருநீற்றைத் தேடுகிறார் என்று எழுதுங்கள்.

காணாமல் போனவர் திரும்பி வரும் காட்சிக்கு இன்னும் கவனம் வேண்டும். இன்றும் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருக்கும் தாய்மார் உள்ள நாடு இது. வந்தது மகனா ஆவியா என்று வாசகரைத் தவிக்க விடுவது கெட்டித்தனம் என்று ஓர் இளைஞர் வாதாடினார். ஆவி என்று எழுதினால் மகன் இறந்துவிட்டான் என்று தீர்ப்புச் சொல்கிறோம் என்பதை அவர் யோசிக்கவில்லை. அந்த அத்தியாயத்தை நாங்கள் எழுதவில்லை.

அறிகுறி: கடைசியில் 'அவளுக்கு மனநோய்' என்று முடிந்துவிட்டது

களைத்துப்போன குழுவின் அடையாளம் இது. கனவு என்று முடிப்பதும் இதே வகை. இரண்டும் சாட்சியைத் திருத்துவதாகப் பாசாங்கு செய்து சாட்சியைக் கொல்கின்றன. அவர் கண்டது அனைத்தும் ஒரே வரியில் ரத்து. நோயாளிக்கும் இது அநியாயம். சாட்சியின் நம்பகத்தைக் குறைக்க வேண்டுமானால் சிறிதாகக் குறையுங்கள்: கண்ணாடி போடாமல் பார்த்தார், இரவு வேலை முடிந்து தூக்கமின்றி வந்தார், பூட்டிய வீட்டை மலிவாக வாங்கும் ஆசை அவருக்கு உண்டு. அதே நிகழ்ச்சியை அவரைப் பிடிக்காத இன்னொருவரும் காணும்படி செய்யுங்கள். ஒருவரை மட்டும் நம்பி நின்ற கதைதான் அந்த ஒருவர் விழும்போது விழுகிறது.

அறிகுறி: இது கொழும்பு மாதிரி இல்லை

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும். வெள்ளவத்தை இருக்கும் கொழும்பு 6இல் ஏறப் புளியமரம் எங்கே? ஊரிலிருந்து கொண்டுவந்த பேயை ஊர் மரத்தோடு சேர்த்து நட்டுவிடுகிறார்கள். காலி வீதியில் நாலு பேரைக் கேட்டால் நகரத்தின் வழக்குகள் கிடைக்கும். கட்டிமுடியாத மாடியில் கண்ணூறுக்குத் தொங்கும் வைக்கோல் பொம்மை. புதுவீட்டு வாசலில் உடைத்த பூசணிக்காய், அதில் வழுக்கிய மோட்டார் சைக்கிள். லிஃப்ட் பொத்தான் பலகையில் யாரோ வைத்த சந்தனப் பொட்டு, அதை ஒவ்வொரு திங்களும் துடைக்கும் முகாமையாளர். கடலுக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓடும் ரயிலின் அதிர்வில் தானாகத் திறக்கும் அலமாரி.

பேய்க்கதைகளில் எல்லாரும் கேட்கும் கேள்விக்கும் கொழும்பிடம் பதில் உண்டு: இவ்வளவு நடந்தும் ஏன் வீட்டைவிட்டுப் போகவில்லை? முற்பணம் கொடுத்தாகிவிட்டது. ஒரு வருட வாடகையைத் திருப்பித் தரும் வீட்டுக்காரரை விட நான்காம் மாடியில் நிற்பதை நம்பலாம்.

அறிகுறி: முடிவில் குழு இரண்டாக உடைந்தது

வரைவை, குழுவுக்கு வெளியே இருவரிடம் கொடுங்கள். ஒருவர் பேயை நம்புகிறவராகவும் மற்றவர் நம்பாதவராகவும் இருந்தால் நல்லது. இருவரும் தத்தம் கட்சிக்கு ஆதாரம் காட்டட்டும். ஒருவர் நாலைந்து காட்டி, மற்றவர் ஒன்றையும் காட்ட முடியாமல் விழித்தால் தராசு சாய்ந்திருக்கிறது. குறைந்த பக்கத்துக்கு ஒரு சிறிய ஆதாரத்தை நடுக்கதையில் சேருங்கள். கடைசி அத்தியாயத்தில் சேர்க்காதீர்கள், அது மோசடி போல் தெரியும்.

உடைவுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு. பேய்க் கேள்வியைத் திறந்து விடுவது என்று முடிவு செய்த குழு, மனிதக் கேள்விகளையும் சேர்த்துத் திறந்து விட்டிருக்கும். பேத்திக்குப் பிள்ளை பிறந்ததா? ஆச்சியும் காவலாளி ஐயாவும் மறுபடி பேசினார்களா? கனடாக்காரர் வீட்டை விற்றாரா? இவை எல்லாவற்றுக்கும் பதில் எழுதுங்கள். அவ்வளவும் தீர்ந்த பிறகு லிஃப்ட் ஏன் நான்கில் நின்றது என்பது மட்டும் தீராமல் இருந்தால் யாரும் கோபிப்பதில்லை. எங்கள் பொறியியலாளர் கூடக் கோபிக்கவில்லை.

சில்லறைக் கோளாறுகள்

பேயின் கால் தரையில் பட்டதா இல்லையா என்று தகராறு: முதல் நிரலைப் பாருங்கள். அங்கே இல்லை என்றால் ஒருவரும் காலைப் பார்க்கவில்லை.

அத்தியாயங்களின் நடை ஒட்டவில்லை: ஒவ்வொன்றையும் வேறு சாட்சியின் வாக்குமூலமாக்குங்கள். யாழ்ப்பாணப் பேச்சும் மலையகப் பேச்சும் உரையாடலில் அப்படியே இருக்கட்டும்.

ஒருவர் மந்திரத்தை முழுதாக எழுதிவிட்டார்: முதல் இரண்டு சொல்லோடு நிறுத்துங்கள். மீதியை ஓதும்போது கதவு மூடட்டும்.

வாசகர் சிலர் இது பேய்க்கதையே இல்லை, வாடகைக் கதை என்கிறார்கள்: இது கோளாறு இல்லை. அடுத்த கதையைத் தொடங்கலாம்.